வயதான பிட்சரின் டிரேட் மதிப்பை எடைபோடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜூலை வந்தாலே அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்பாலில் டிரேட் பேச்சு, அதாவது அணிகள் வீரர்களைத் தங்களுக்குள் மாற்றிக்கொள்ளும் பேச்சு, சூடுபிடித்துவிடும். அதில் ஒரு சீனியர் பிட்சர் (பந்து வீசுபவர்) பெயர் அடிபட்டால் போதும், "ஆள் முடிஞ்சாச்சு, யார் வாங்குவா?" என்று ஒரு கூட்டம், "இவரைக் கொடுத்தா நாலு நல்ல பசங்க கிடைப்பாங்க" என்று இன்னொரு கூட்டம். இரண்டு பேருமே அவர் கையை மட்டும்தான் பார்க்கிறார்கள், ஒப்பந்தத்தைப் பார்ப்பதில்லை. ஜஸ்டின் வெர்லாண்டரை வைத்தே பேசுவோம், எல்லாத் தவறுக்கும் அவரிடம் ஒரு உதாரணம் இருக்கிறது.

முதல் தவறு வெற்றி-தோல்விக் கணக்கை நம்புவது. 2024-ல் ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் அணியில் அவர் கணக்கு 5-6 (ஐந்து வெற்றி, ஆறு தோல்வி), அடுத்த வருடம் ஜயன்ட்ஸில் 42 வயதில் 4-11, அதிலும் முதல் 16 ஆட்டங்களில் ஒரு வெற்றிகூட இல்லை. இதை மட்டும் பார்த்தால் மனிதர் சரிந்துவிட்டார் என்றுதான் தோன்றும். ஆனால் ஃபீல்டிங் பிழையால் வந்தவை நீங்கலாக ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக எத்தனை ரன் விட்டார் என்று சொல்லும் ஈ.ஆர்.ஏ.வைப் (குறைந்தால் நல்லது) பாருங்கள்: 2024-ல் 5.48, 2025-ல் 3.85. அதாவது நன்றாகப் போட்ட வருடத்தில்தான் அதிகம் தோற்றிருக்கிறார். சக வீரர்கள் ரன் அடிக்காவிட்டால் பிட்சர் என்ன செய்வார்? 2018-ல் ஜேக்கப் டிகிராம் வெறும் 10-9 கணக்கோடு லீகின் சிறந்த பிட்சருக்கான சை யங் விருதே வாங்கினார், அவருடைய ஈ.ஆர்.ஏ. 1.70.

அப்புறம், கடைசியாக ஆடிய சில மாதங்களை வைத்துத் தீர்ப்பு எழுதுவது. 2017-ல் டெட்ராய்ட் டைகர்ஸில் 34 வயது வெர்லாண்டரின் ஈ.ஆர்.ஏ. 3.82, சுமார் ரகம். ஆகஸ்ட் 31 நள்ளிரவுக் கெடு முடியப்போகும் நேரத்தில் ஹூஸ்டனுக்கு மாறினார். அங்கே மிச்சமிருந்த ஐந்து ஆட்டத்தில் ஐந்து வெற்றி, ஈ.ஆர்.ஏ. 1.06, கையோடு உலகத் தொடர் கோப்பை. முழங்கை அறுவை சிகிச்சையால் 2021 முழுக்க உட்கார்ந்தவர், 2022-ல் 39 வயதில் 1.75 ஈ.ஆர்.ஏ.வோடு மூன்றாவது சை யங் வாங்கினார். அதற்காக எல்லாக் கிழச்சிங்கமும் திரும்பி வரும் என்று நினைக்கவும் கூடாது, 2024-ல் தோளும் கழுத்தும் அவரைப் படுத்திய பாடு தெரிந்ததுதானே.

பலர் மறப்பது, வீரரின் சம்மதம். பத்து வருடம் மேஜர் லீகில் ஆடி, அதில் கடைசி ஐந்து வருடம் ஒரே அணியில் இருந்தவர் எந்த டிரேடையும் மறுக்கலாம், இது விதி. 2017-ல் வெர்லாண்டர் தலையாட்டியிருக்காவிட்டால் டைகர்ஸ் கையைப் பிசைந்துகொண்டு நின்றிருக்கும். 2023-ல் அவர் அப்போது ஆடிக்கொண்டிருந்த நியூயார்க் மெட்ஸ் அவரை விட்டபோதும் மறுக்கும் உரிமை ஒப்பந்தத்திலேயே இருந்தது.

பணக் கணக்கில்தான் பெரிய சறுக்கல். கால்பந்து மாதிரி இங்கே டிரான்ஸ்பர் தொகை கிடையாது, ஆளுக்கு ஆள்தான், சம்பளச் சுமையும் சேர்ந்து போகும். மெட்ஸ் அவருக்கு வருடத்துக்கு 4 கோடி டாலருக்கு மேல் கொடுத்துக்கொண்டிருந்தது. திரும்ப ஆஸ்ட்ரோஸுக்கு அனுப்பும்போது மிச்சச் சம்பளத்தில் பாதிக்கு மேல் தானே ஏற்றுக்கொண்டதால்தான் ட்ரூ கில்பர்ட், ரயன் கிளிஃபர்ட் என்ற இரண்டு நல்ல இளைஞர்கள் கைக்கு வந்தார்கள். கிட்டத்தட்ட காசு கொடுத்து இளம் வீரர்களை வாங்கியதுதான். ஆக "இவருக்கு என்ன கிடைக்கும்" என்று கேட்கும் முன்னால் சம்பளத்தை யார் கட்டப்போகிறார்கள் என்று கேளுங்கள்.

ஆகஸ்ட் டிரேட் கனவும் வேண்டாம். 2017-ல் நடந்த மாதிரியான கடைசி நேர மாற்றத்துக்கு 2019-லிருந்து வழியில்லை, ஜூலை இறுதியை ஒட்டி வரும் ஒரே கெடுதான்.

கடைசியாக, டிரேட் முடிந்த கையோடு லாப நஷ்டம் சொல்வது. 1987 ஆகஸ்டில் இதே டைகர்ஸ் 36 வயது டாய்ல் அலெக்சாண்டரை வாங்கியது, அவர் 9-0 போட்டு அணியைப் பிரிவில் முதலிடத்துக்குக் கொண்டுபோனார். பதிலுக்குக் கொடுத்த பையன் ஜான் ஸ்மோல்ட்ஸ், பின்னாளில் பேஸ்பால் ஜாம்பவான்களுக்கான ஹால் ஆஃப் ஃபேமில் இடம்பிடித்தவர். ஏமாந்தார்கள் என்று இன்றும் கிண்டல் செய்வார்கள், ஆனால் அலெக்சாண்டர் இல்லாமல் அந்த வருடம் டைகர்ஸ் பிளேஆஃப் (கோப்பைக்கான இறுதிக் கட்ட ஆட்டங்கள்) வாசலை மிதித்திருக்குமா என்பது சந்தேகம், இரண்டாம் இடத்து அணியோடு வித்தியாசம் இரண்டே ஆட்டம். மெட்ஸ் வாங்கிய கில்பர்ட்டும் அங்கே நிலைக்கவில்லை. 2025 ஜூலையில் வேறொரு டிரேடில் ஜயன்ட்ஸுக்குப் போனார், யாருக்குப் பதிலாக வந்தாரோ அந்த வெர்லாண்டரோடே அந்த சீசனை ஆடி முடித்தார்.