சாப்ஸ்டிக்கில் உணவு நழுவுகிறதா?

இரண்டு குச்சியையும் சேர்த்து ஆட்டுவதுதான் பெரும்பாலும் காரணம். கீழ்க்குச்சி அசையவே கூடாது. கட்டைவிரல் இடுக்கில் அதைக் கிடத்தி, மோதிர விரலின் நகத்தோரம் தாங்கவிடுங்கள். மேல்குச்சியைப் பேனாபோல் மூன்று விரலால் பிடித்து, அதை மட்டும் ஏற்றி இறக்குங்கள். நுனிகள் ஒரே மட்டத்தில் இல்லாவிட்டால் குறுக்கே பின்னிக்கொள்ளும். தட்டில் லேசாகத் தட்டிச் சமப்படுத்தலாம். நுனியிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு தள்ளிப் பிடித்தால் பிடி இறுகாமல் இலகுவாக இருக்கும்.

பழக மரக்குச்சிதான் நல்லது. கொரியாவின் தட்டையான எஃகுக் குச்சி வழுக்கும். சோற்றுக்கு அங்கே கரண்டி இருக்கிறது, வீணாகக் குச்சியோடு மல்லுக்கட்ட வேண்டாம். சீனக் குச்சி நீளம், சுமார் 25 செ.மீ., முனை மழுங்கல்: நடுவிலுள்ள பொதுத்தட்டை எட்ட வேண்டுமே! ஜப்பானியக் குச்சி சற்றுக் குட்டை. கூரிய முனை மீன் முள்ளைப் பிரிக்கத் தோது.

ஜப்பானில் இரண்டு விஷயங்களில் கவனம். சோற்றில் குச்சியைச் செங்குத்தாகக் குத்தி வைப்பது இறந்தவருக்குப் படைக்கும் முறை. குச்சியிலிருந்து குச்சிக்கு உணவை மாற்றுவது, தகனத்துக்குப் பின் எலும்பு எடுப்பதை நினைவூட்டும். பகிர வேண்டுமென்றால் தட்டில் வைத்துவிடுங்கள்.