பிரேக் இல்லாத வண்டியில் ஒரு தொழில்: டிராக் சைக்கிள் வீரராக விரும்புவோருக்கு

வீட்டில் நாம் ஓட்டும் சைக்கிளில் மிதிப்பதை நிறுத்தினால், பின்சக்கரம் டிக்டிக் என்று ஒலித்தபடி தானாக உருளும். டிராக் பந்தய வண்டியில் அந்த ஃபிரீவீல் கிடையாது. பின்சக்கரம் சுழலும்வரை பெடலும் சுழன்றுகொண்டே இருக்கும், கியர் ஒன்றுதான், பிரேக் அறவே இல்லை. வேகத்தைக் குறைக்க வேண்டுமானால் சுழலும் பெடலைக் காலால் எதிர்த்து அழுத்த வேண்டும், அல்லது சரிவில் மேலே ஏறி வேகத்தைக் கரைக்க வேண்டும். இந்த விளையாட்டைத் தொழிலாகக் கொள்ள நினைப்பவர் முதலில் பழக வேண்டியது வேகத்தை அல்ல, நினைத்தவுடன் நிற்க முடியாத ஒரு வண்டியின் மீது பதற்றமின்றி உட்கார்ந்திருப்பதையே.

ஒலிம்பிக் தரத்திலான வெலோட்ரோமின், அதாவது சைக்கிள் பந்தயத் தளத்தின், ஒரு சுற்று 250 மீட்டர். அதன் வளைவுகள் 42 பாகைக்கும் மேல் சாய்ந்திருக்கும். கீழே நின்று அண்ணாந்து பார்க்கும் புதியவருக்கு அது தளமாகத் தெரியாது, சுவராகத் தெரியும். முதல் நாளில் உள்விளிம்பை ஒட்டிய நீலப் பட்டையில் இரண்டு மூன்று சுற்றுகள் வந்து, நேர்ப்பகுதியில் வேகம் சேர்த்துக்கொண்டு, அதன் பிறகே சற்று மேலுள்ள கறுப்புக் கோட்டுக்கு ஏற வேண்டும். வளைவுக்குள் நுழையும்போது பயத்தில் கால் தளர்வதுதான் எல்லாரும் செய்யும் பிழை. வேகம் மணிக்கு 30 கிலோமீட்டர் அளவில் இருந்தால் டயர் தளத்தைப் பற்றிக்கொள்ளும். வெகுவாகக் குறைந்தால் வழுக்கிவிடும். ஆகவே பயம் வரும் இடத்தில்தான் அழுத்தி மிதிக்க வேண்டும். கண் முன்சக்கரத்தைப் பார்க்காமல், வளைவு முடியும் இடத்தைப் பார்க்க வேண்டும். எல்லாரும் இடஞ்சுழியாக ஓட்டுவதால், மேலே ஏறுமுன் வலத்தோளுக்கு மேலாகத் திரும்பிப் பார்ப்பது ஓர் அனிச்சைச் செயலாகவே ஆகிவிட வேண்டும்.

கியரைப் பற்றிப் புதியவர்கள் தேவைக்கு மேல் கவலைப்படுகிறார்கள். கணக்கு எளியது. முன்பல்சக்கரத்தில் 48 பற்கள், பின்னால் 15 என்றால், ஏறத்தாழ 2.1 மீட்டர் சுற்றளவுள்ள சக்கரம் ஒரு மிதிக்கு 6.7 மீட்டர் நகரும். தொடங்குவதற்கு இது போதும். முதிர்ந்த ஸ்பிரின்ட் (குறுந்தூர வேகப் பந்தய) வீரர் 60-க்கு 14 போன்ற கனமான கியரைப் பூட்டுகிறார். ஒரு மிதிக்கு 9 மீட்டர். மணிக்கு 70 கிலோமீட்டரில் அவர் கால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 130 முறை சுழல்கிறது. அந்தக் கியரை அவர் ஜிம்மில் பல ஆண்டுகள் பாரம் தூக்கிச் சம்பாதித்திருக்கிறார் என்பதை மறந்து, பதினைந்து வயதுப் பையனுக்கு அதையே மாட்டிவிடுவது முழங்காலுக்குச் செய்யும் துரோகம். இளம் வயதில் இலகுவான கியரில் காலை வேகமாகவும் சீராகவும் சுழற்றப் பழகுவதே முறை.

பிறகுதான் போட்டிப் பிரிவைத் தேர்ந்தெடுக்கும் கேள்வி வருகிறது. ஸ்பிரின்ட், குழு ஸ்பிரின்ட், கெய்ரின் ஆகியவை வெடிப்புத் திறனைக் கேட்பவை. குழுப் பர்சூட் (நால்வர் அணியாக 4 கிலோமீட்டர்), ஆம்னியம் (ஒரே நாளில் நான்கு பந்தயங்கள்), மேடிசன் (இருவர் மாறி மாறி ஓட்டுவது) ஆகியவை தாங்கு திறனைக் கேட்பவை. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் நெதர்லாந்தின் ஹாரி லாவ்ரேசன் 200 மீட்டரை 9.088 விநாடியில் கடந்தார், அதாவது மணிக்கு 79 கிலோமீட்டர். அதே தளத்தில் ஆஸ்திரேலிய நால்வர் அணி 4 கிலோமீட்டரை 3 நிமிடம் 40.730 விநாடியில் முடித்தது, மணிக்கு 65. இரண்டும் அப்போது உலக சாதனைகள். ஆனால் இரண்டுக்கும் வேண்டிய உடல் வெவ்வேறு, பயிற்சியும் வெவ்வேறு. பதினாறு வயதுக்கு முன் இதில் ஒரு பக்கம் சாய வேண்டியதில்லை என்பது என் கருத்து. கூட்டமாக ஓட்டும் பாயின்ட்ஸ் பந்தயம் தரும் வண்டிக் கட்டுப்பாட்டைத் தனிப்பயிற்சி எதுவும் தராது. லாவ்ரேசனும், ஸ்காட்லாந்தின் கிறிஸ் ஹோயும் சிறுவயதில் பி.எம்.எக்ஸ். எனும் சிறுசக்கரப் பந்தய சைக்கிள் ஓட்டியவர்கள் என்பது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

கெய்ரினைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் இந்தத் தொழிலின் கடினமான பாடம் அதில்தான் இருக்கிறது. ஆறு சுற்றுப் பந்தயத்தில் முதல் மூன்று சுற்றுகளுக்கு ஒரு மோட்டார் வண்டி முன்னால் சென்று வேகத்தை மணிக்கு 50 கிலோமீட்டர் வரை கூட்டிவிட்டு விலகுகிறது. எஞ்சிய 750 மீட்டரும் வீரர்களுடையவை. முன்னால் போகிறவர் காற்றை வெட்டுகிறார். பின்னால் ஒட்டி வருகிறவர் அந்த நிழலில் தன் சக்தியைச் சேமிக்கிறார். ஆகவே எப்போது கிளம்புவது என்பதே முழு ஆட்டமும். மலேசியாவின் திரங்கானு மாநிலத்தைச் சேர்ந்த அசிசுல்ஹஸ்னி அவாங் இதன் இரு முனைகளையும் கண்டவர். டோக்கியோ ஒலிம்பிக்கின் இறுதிப் போட்டியில் மோட்டார் வண்டி விலகிய நேரத்தில் முதலாவதாக இருந்த பிரிட்டனின் ஜேசன் கென்னிக்கும் பின்னால் வந்தவர்களுக்கும் இடையே இடைவெளி விழுந்தது. மற்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருக்க, கென்னி அப்போதே கிளம்பி மூன்று சுற்றும் தனியாக ஓட்டித் தங்கம் வென்றார். அசிசுலுக்கு வெள்ளி. மூன்று ஆண்டுகள் கழித்துப் பாரிஸில், முதல் கட்டப் பந்தயத்திலேயே, மோட்டார் வண்டி விலகுவதற்குள் அதைத் தாண்டிவிட்டதற்காக அவர் தகுதிநீக்கம் செய்யப்பட்டார். பயிற்சியில் இதற்கு ஒரு வழி உண்டு: நான்கைந்து பேர் வரிசையாக ஓட்டும்போது பயிற்சியாளர் விசில் ஊதும் சுற்றை ஒவ்வொரு முறையும் மாற்ற வேண்டும், விசிலுக்கு முன் அசைந்தவர் அந்த முறை வெளியே நிற்க வேண்டும். முடிந்த பந்தயங்களின் காணொளிகளை ஒலியை நிறுத்திவிட்டு, வெற்றியாளரை விட்டு மூன்றாவதாக வந்தவரை மட்டும் பார்த்துப் பழகுவதும் பயன் தரும்.

விழுவதைப் பற்றி மழுப்பிப் பேசக் கூடாது. 2011-இல் மான்செஸ்டரில் நடந்த உலகக் கோப்பை கெய்ரினில் விழுந்த இதே அசிசுலின் கெண்டைக்காலை, தளத்திலிருந்து பெயர்ந்த ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் மரச்சிராய் ஒருபுறம் நுழைந்து மறுபுறம் வெளிவந்தது. அவர் எழுந்து வண்டியேறி மூன்றாவதாகக் கோட்டைக் கடந்தார். அதை வீரம் என்று கொண்டாடலாம், பின்பற்ற வேண்டியதில்லை. ஆழமாகப் பாய்ந்த சிராயை அங்கேயே இழுத்து எடுக்காமல் அப்படியே மருத்துவரிடம் கொண்டுபோவதே சரி. பந்தயத்தைவிடப் பயிற்சி நேரம் ஒருவகையில் ஆபத்தானது, ஏனெனில் வெவ்வேறு வேகத்தில் செல்வோர் ஒரே தளத்தைப் பகிர்கிறார்கள். ஜெர்மனியின் ஒலிம்பிக் சாம்பியன் கிறிஸ்டினா ஃபோகல் 2018 ஜூனில் கோட்புஸ் நகரத் தளத்தில் பயிற்சியின்போது மோதி, மார்புக்குக் கீழ் உணர்வை இழந்தார். பயிற்சி முடிந்து இறங்குபவர் தளத்தின் நடுவே வேகத்தைக் குறைக்கக் கூடாது என்ற விதியை எவ்வளவு கண்டிப்பாகக் கடைப்பிடித்தாலும் தகும். இதயப் பரிசோதனையையும் தள்ளிப்போடாதீர்கள்; அசிசுல் 2022-இல் பிறவிக் குறைபாடு ஒன்றுக்காக மெல்போர்னில் திறந்த இதய அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட பிறகே களத்துக்குத் திரும்பினார்.

வருமானம் எங்கிருந்து வருகிறது என்று பெற்றோர் கேட்பது நியாயம். பரிசுத்தொகையை நம்பி வாழ்வோர் மிகச் சிலர். அவர்களில் பெரும்பாலோர் ஜப்பானில் இருக்கிறார்கள். 1948-இல் கொகுரா நகரில் தொடங்கிய கெய்ரின் அங்கே பந்தயம் கட்டும் விளையாட்டு. இசு பகுதியிலுள்ள பயிற்சிப் பள்ளியில் தேறியவரே உரிமம் பெறுவர். பந்தய நாள்களில் வெளித்தொடர்பு கூடாதென்பதால் கைபேசியைக் கொடுத்துவிட்டு விடுதிக்குள் இருக்க வேண்டும். பிரிட்டன் போன்ற நாடுகளில் அரசு லாட்டரி நிதியிலிருந்து வீரருக்கு உதவித்தொகை கிடைக்கிறது. இந்தியாவில் நடைமுறை வழி, தேசிய அளவில் பதக்கம் வென்று ரயில்வேயிலோ ராணுவத்திலோ விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை பெறுவது. 2010 காமன்வெல்த் விளையாட்டுகளுக்காகத் தில்லி இந்திரா காந்தி வளாகத்தில் கட்டிய 250 மீட்டர் உள்ளரங்கத் தளமே நம் நாட்டு வீரர்களின் மையம். அந்தமானிலிருந்து அங்கே பயிற்சிக்குச் சென்ற ஈசோ ஆல்பன் 2018-இல் ஜூனியர் உலகச் சாம்பியன்ஷிப்பின் கெய்ரினில் வெள்ளி வென்றார். ஆனால் தளம் அருகில் இல்லாத ஊரில் இருப்பவர், வீட்டை விட்டுப் பல ஆண்டுகள் விடுதியில் இருக்கத் துணிய வேண்டும். படிப்பை அஞ்சல் வழியிலாவது தொடர்வதை நான் நிபந்தனையாகவே வைப்பேன்.

ஏனெனில் உடல் நன்றாக இருந்தும் போட்டியே கைவிட்டுப் போகலாம். கிறிஸ் ஹோய் 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் ஒரு கிலோமீட்டர் தனிநபர் ஓட்டத்தை 1 நிமிடம் 0.711 விநாடியில் முடித்துத் தங்கம் வென்றார். மறு ஆண்டே அந்தப் போட்டி ஒலிம்பிக்கிலிருந்து நீக்கப்பட்டது. அவர் ஸ்பிரின்டையும் கெய்ரினையும் புதிதாகக் கற்று, 2008 பெய்ஜிங்கில் மூன்று தங்கமும் 2012 லண்டனில் இரண்டு தங்கமும் பெற்று, 2013-இல் ஓய்வு பெற்றார். நீக்கப்பட்ட அந்தக் கிலோமீட்டர் ஓட்டம் உலகச் சாம்பியன்ஷிப்பில் இன்றும் இருக்கிறது. நின்ற நிலையிலிருந்து நான்கு சுற்று, எதிரில் ஒருவரும் இல்லை, கடிகாரம் மட்டும்: தொடக்கநிலை வீரர் தம் வளர்ச்சியை அளந்துகொள்ள இதைவிட நேர்மையான அளவுகோல் எனக்குத் தெரியவில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை, அதே கியரில், ஒவ்வொரு சுற்றின் நேரத்தையும் தனித்தனியாக ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். நான்காம் சுற்றின் நேரம் மூன்றாம் சுற்றைவிட எவ்வளவு கூடுகிறது என்பதைக் கொண்டே நீங்கள் ஸ்பிரின்டுக்கு உரியவரா, பர்சூட்டுக்கு உரியவரா என்று பயிற்சியாளர் ஓரளவு சொல்லிவிடுவார்.