வாசிக்கத் தெரியாதவரிடம் வயலின் படிக்கலாமா? பெற்றாரும் ஆசிரியரும் விடும் பிழைகள்

மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் பிள்ளையை வயலினுக்குச் சேர்க்கும் பெற்றார் முதலில் கேட்பது, "ரீச்சர் எத்தனையாம் தரம் முடித்தவர்?" என்பதுதான். எந்த வாத்தியத்தில் முடித்தவர் என்று கேட்பதில்லை. முதற்பிழை அதுவே. இங்கே தரம் என்பது வட இலங்கைச் சங்கீத சபை நடத்தும் இசைப் பரீட்சையின் தரம். அந்தப் பரீட்சைகள் வாய்ப்பாட்டுக்கு வேறு, வயலினுக்கு வேறு, மிருதங்கத்துக்கு வேறு. வாய்ப்பாட்டில் ஆறாம் தரம் முடித்தவருக்கு ராக ஞானம் நிறைய இருக்கும். ஆனால் அவர் வில் பிடித்துப் பழகியவரா என்பதை அந்தச் சான்றிதழ் சொல்லாது.

மாயாமாளவகௌளை ராகத்தில் தொடக்கப் பாடமான சரளி வரிசை வாசிக்கும் பிள்ளையின் இடது கையைப் பாருங்கள். ஸ திறந்த தந்தி. ரி ஆட்காட்டி விரல், தலைப்பக்கத்தில் தந்திகளைத் தாங்கும் மேற்கட்டைக்கு மிக அருகில். அங்கிருந்து மூன்று சுரஸ்தானம் தள்ளி நடுவிரல் க-வை எட்ட வேண்டும். ம-வுக்கு மோதிர விரல் அதை ஒட்டியே விழும். சின்னக் கை எட்டாமல் காந்தாரம் (க) சுருதியில் இறங்கிவிடும். வாசிக்காத ஆசிரியரின் காதிலும் அது விழும். "சுருதி சேரவில்லை, ஏத்து" என்பார். பிள்ளை விரலை வலிந்து தள்ள, மணிக்கட்டு கோணும், அடுத்த விரலும் இடம் மாறும். பிழை பெரும்பாலும் அந்த விரலில் இல்லை. தரையில் இருந்து வாசிக்கும்போது வயலினின் தலை வலது கணுக்காலில் சரியாக ஊன்றாததால் இடது பெருவிரல் வாத்தியத்தைத் தாங்கி இறுகிப்போயிருக்கும். காலைச் சற்று நகர்த்தித் தலையை ஊன்றி, பெருவிரலைத் தளர்த்தினால் நடுவிரல் தானாக எட்டும். தன் கையில் இதை அனுபவித்தவருக்குத்தான் எங்கே பார்ப்பதென்று தெரியும்.

வில்லும் அப்படித்தான். நுனிவரை இழுக்கும்போது முழங்கையை விரிக்காமல் தோளோடு பின்னே இழுத்தால் வில், நடுவில் தந்திகளைத் தாங்கும் குதிரைக்குச் சாய்வாகப் போய்க் கீச்சிடும். "அழுத்தாதே" என்று சொல்லித் தீராது.

நூலறிவு குறைந்ததென்று சொல்லவில்லை. 1947இல் பழந்தமிழ் இசையை ஆராய்ந்து 'யாழ் நூலை'த் தந்த சுவாமி விபுலானந்தர் பிறந்த காரைதீவு இந்த மண்ணில்தான் இருக்கிறது. ஆனால் நூலறிவு வேறு, விரலறிவு வேறு.

அதற்காகக் கச்சேரிக் கலைஞரைத் தேட வேண்டாம். பிள்ளையின் பாடத்துக்கு இரண்டு படி மேலே வாசித்தால் போதும்: தாளப் பயிற்சியான அலங்காரம் பழக்குபவர், அதற்கு மேற்படிகளான கீதத்தையும் ஓர் ஆதி தாள வர்ணத்தையும் இரண்டு காலத்தில் (வேகத்தில்) வாசிக்க வேண்டும். முதுமையில் விரல் மடங்காத ஆசிரியரை ஒதுக்குவதும் பிழை. பல ஆண்டு வாசித்த கையின் நினைவு அவரிடம் இருக்கிறது.

நன்றாக வாசிப்பவர்கள் விடும் பிழை வேறு. பாடம் முழுவதும் பிள்ளையோடு சேர்ந்து வாசிப்பார்கள்; பிள்ளையின் அபசுரம் அந்த நாதத்துக்குள் மறைந்துவிடும். ஒருமுறை வாசித்துக் காட்டி, வில்லைக் கீழே வைத்துவிட்டு, தம்புரா சுருதியோடு பிள்ளையைத் தனியே வாசிக்க விட வேண்டும். ஒவ்வொரு நாளும் தாங்களே சுருதி கூட்டிக் கொடுப்பதும் கூடாது. எங்கள் பக்கத்தில் மாரியில் பிருடை (தந்தியை முறுக்கும் ஆணி) ஊதி இறுகும், கச்சான் காற்றில் சுருங்கி வழுக்கும். வழுக்கும் பிருடைக்கு வெண்கட்டி பூசி, உள்நோக்கி அழுத்திக்கொண்டே திருப்பப் பிள்ளையையும் பழக்குங்கள்.

பாடசாலையில் வாய்ப்பாட்டு ஆசிரியர் மட்டுமே இருந்தால்? சுரமும் தாளமும் அவரிடமே படிக்கட்டும். பாடிப் பழகிய வரிசை விரலுக்கு விரைவில் வரும். கைநிலை பார்க்க மட்டும், முதல் ஆறு மாதமாவது, வாரமொருமுறை வயலின் வாசிப்பவரிடம் அனுப்புங்கள். கல்லடி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் இசை படித்தவர்கள் நம் ஊர்களிலேயே இருக்கிறார்கள்.

சேர்க்கும் நாளில் ஆசிரியரிடம் பிள்ளையின் வயலினையே கொடுத்து, "கொஞ்சம் சுருதி கூட்டி, ஜண்டை வரிசை ஒன்று வாசித்துக் காட்டுவீங்களா, ரீச்சர்?" என்று மரியாதையாகக் கேளுங்கள் (ஜண்டை, சரளிக்கு அடுத்த பாடம்). பழகிய கையென்றால் பிருடையைத் தொடும்போதே தெரிந்துவிடும்.