புராஜெக்ட் குழுவுக்குள் பேசப் பழக்குவது எப்படி?

உணர்வுசார் அறிவைச் (எமோஷனல் இன்டெலிஜென்ஸ்) சொல்லித்தர 200 மாணவர்களை ஆடிட்டோரியத்தில் உட்காரவைத்து ஸ்லைடு போட்டால் வருகைப்பதிவு மட்டும்தான் மிஞ்சும். இறுதியாண்டு புராஜெக்ட் குழுவையே வகுப்பாக்குங்கள். மனத்தாங்கலுக்கு அங்கே பஞ்சமே இல்லை.

உளவியலாளர்கள் மேயரும் சலோவியும் 1997-இல் உணர்வுசார் அறிவை நான்காகப் பிரித்தார்கள்: உணர்வைக் கண்டுகொள்வது, சிந்தனைக்குப் பயன்படுத்துவது, புரிந்துகொள்வது, கையாள்வது. நம் பயிற்சிகள் நேரே நான்காவதுக்குத் தாவி, ‘கோபத்தை அடக்கு’ என்கின்றன. கோபம் என்று தெரிவது பல நேரம் ரிவ்யூ பயமாக இருக்கும். அதனால் முதல் இரண்டு வாரம் உணர்வுக்குப் பெயர் சொல்லப் பழக்கினால் போதும். லேப் தொடங்கும்போது ஒவ்வொருவரும் தன் மனநிலையை ஒரே வரியில் சொல்லட்டும். ‘ஓகே’, ‘நார்மல்’ செல்லாது. சொல்ல விருப்பமில்லாதவரை வற்புறுத்த வேண்டாம்.

மூன்றாவது வாரம், ஒருவர் குறை சொல்ல, ஒருவர் கேட்க, மற்றவர்கள் குறிப்பெடுக்க வேண்டும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை இந்த வேலைகளை மாற்றிக்கொள்ளலாம். கேட்பவர் கேட்டதைத் தன் வார்த்தையில் திருப்பிச் சொல்லி, எதிரில் இருப்பவர் “ஆமா, அதான்” என்ற பிறகே பதில் பேசலாம். குறிப்பெடுப்பவருக்கு ஒரே வேலை: ‘எப்பவுமே’, ‘ஒருநாளும்’ எத்தனை முறை வந்தது என்று எண்ணுவது.

“நீ எப்பவுமே லேட்டுடா” என்றால் பழைய கணக்கெல்லாம் வெளியே வரும். “செவ்வாய்க்கிழமை தர்றேன்னு சொன்ன சென்சார் கோடு இன்னும் வரல. போர்டை டெஸ்ட் பண்ண முடியாம நிக்கிறேன். எங்க மாட்டிக்கிச்சு?” என்பதில் நாள் இருக்கிறது, விளைவு இருக்கிறது, கேள்வி இருக்கிறது. அந்தக் கேள்வியை விட்டுவிட்டால் வெறும் குற்றப்பத்திரிகைதான்.

பெங்களூர்க் கல்லூரிகளில் இன்னொரு சிக்கலும் உண்டு. சேலம், ஓசூர் பக்கத்துப் பிள்ளைகள் மூன்று பேர் தமிழிலேயே பேசி முடித்துவிட்டு, தமிழ் தெரியாத ஹுப்பள்ளிக்காரரிடம் முடிவை மட்டும் ஆங்கிலத்தில் சொல்வார்கள். அவர் மெல்ல ஒதுங்குவார்; குழு அதைச் சோம்பேறித்தனம் என்று எடுத்துக்கொள்ளும். தமிழுக்குத் தடை போட்டால் வீம்புதான் வளரும். வேலைப் பங்கீட்டையும் தேதியையும் நால்வருக்கும் புரியும் மொழியில் பேசி, வாட்ஸ்அப் குழுவில் எழுதிவைக்கச் சொல்லுங்கள். கேன்டீனில் என்ன பாஷை என்பது அவர்கள் பாடு.

உணர்வுக்கு இன்டர்னல் மார்க் போடாதீர்கள், நடிப்பு தொடங்கிவிடும். குறிப்புத்தாளைக் கொடுத்தால் மார்க், அவ்வளவுதான்.

யாராவது நாள்கணக்கில் தூங்கவில்லை என்றாலோ சாவைப் பற்றிப் பேசினாலோ பயிற்சியை அங்கேயே நிறுத்துங்கள். தனியாகப் பேசி, அன்றே ஆலோசகரிடம் கூட்டிப்போங்கள். இரவு நேரமென்றால் அரசின் மனநல உதவி எண் டெலி-மானஸ் 14416, தமிழிலும் பேசலாம்.