எமிலி கார் மாதிரி காட்டையும் வானத்தையும் பேப்பர்ல வரையறது எப்படி

ஓவியர் எமிலி கார்னதும் நிறைய பேருக்கு அவங்க வரைஞ்ச டோட்டம் கம்பங்கள்தான் (கனடா பூர்வகுடிகள் உருவம் செதுக்கி நட்ட மரத்தூண்கள்) ஞாபகம் வரும், ஆனா எனக்கு உயிர் அந்தம்மா அறுபது வயசு வாக்குல இருந்து வரைஞ்ச காடும் வானமும்தான். 1871ல கனடாவோட விக்டோரியாவில பொறந்தவங்க, நடுவுல ரொம்ப வருஷம் வீட்டை வாடகைக்கு விட்டுப் பொழைச்சுக்கிட்டு வரையறதையே கிட்டத்தட்ட விட்டுட்டாங்க, 1927ல ஒட்டாவா நேஷனல் கேலரி கண்காட்சிக்காக கிழக்கே போய் ஓவியர் லாரன் ஹாரிஸைப் பாத்தப்புறம்தான் திரும்ப முழுசா இறங்கினாங்க.

கேன்வாஸ் விலை ஜாஸ்தி, காட்டுக்குள்ள தூக்கிட்டுப் போறதும் கஷ்டம். அதனால 1930கள்ல மலிவான மணிலா பேப்பரை எடுத்து, ஆயில் கலரோட வீட்டுக்கு அடிக்கிற வெள்ளை பெயின்ட்டைக் கலந்து, பெட்ரோல் ஊத்தி நீர்க்க வச்சு வரைஞ்சாங்க. நீங்க தயவுசெஞ்சு பெட்ரோல் பக்கமே போகாதீங்க, வாசனை இல்லாத மினரல் ஸ்பிரிட் போதும், அதுவும் காத்தோட்டமான இடத்துல. பிரஷ் துடைச்ச துணியை சுருட்டிப் போடாதீங்க, ஆயில் துணி தானாவே சூடாகி பத்திக்கும், வெளியில விரிச்சு காயப்போடுங்க.

பிரவுன் பேப்பர் எடுத்துக்கோங்க. வெறும் பேப்பர்ல ஆயில் இறங்கினா நாளாக நாளாக உளுத்துடும், அதனால முதல்ல கிளியர் ஜெஸ்ஸோ (பெயின்ட்டுக்கு அடியில பூசற நிறமில்லாத பூச்சு) ஒரு கோட். வெள்ளை ஜெஸ்ஸோ வேணாம், அந்த பிரவுன் கலரும் படத்துல ஒரு ஆள், அங்கங்க எட்டிப் பாக்கணும். பெயின்ட் பால் மாதிரி ஓடுற பதத்துல இருந்தா சரி.

பிரஷ்ஷை எடுக்கறதுக்கு முன்னாடி 1935ல வரைஞ்ச 'ஸ்கார்ன்ட் அஸ் டிம்பர், பிலவ்ட் ஆஃப் த ஸ்கை' ஓவியத்தை ('பலகைக்கு ஆகாதுன்னு ஒதுக்கினது, வானத்துக்குப் பிரியமானது'ன்னு அர்த்தம்) நல்லா உத்துப் பாருங்க, வான்கூவர் ஆர்ட் கேலரியில இருக்கு. சுத்தி எல்லாத்தையும் வெட்டிட்டாங்க, பலகைக்கு ஆகாதுன்னு விட்ட ஒத்த மரம், குச்சி மாதிரி உடம்பு, உச்சியில மட்டும் கொஞ்சம் இலை. அந்த உச்சியைச் சுத்தி வானம் வளையம் வளையமா விரியுது பாருங்க, எல்லாமே பிரஷ் போன தடம்தான். மரம் சும்மா நிக்குது, ஆடுறது வானம்.

அதனால இலை இலையா வரைய உக்காராதீங்க. நின்னுக்கிட்டு, அகலமான ஃபிளாட் பிரஷ்ல, மணிக்கட்டை அசைக்காம தோள்ல இருந்து முழுக்கையும் சுழல்ற மாதிரி இழுங்க, காத்து எந்தப் பக்கம் போகுதோ அந்தப் பக்கமே எல்லாக் கோடும் போகட்டும், வானமும் தரையும் மரமும் ஒரே ஓட்டத்துல வரணும், நடுவுல நிறுத்தி திருத்தாதீங்க. மரத்தண்டை கடைசியில ரெண்டு மூணு இழுப்புல முடிச்சுடுங்க.

வெட்டின அடிமரத்தையும் விட்டுடாதீங்க. ரம்பம் அறுக்காத கடைசித் துண்டு, மரம் சாயும்போது பிஞ்சு கூரா நிக்குமே, அதை அவங்க 'ஸ்க்ரீமர்ஸ்'னு சொன்னாங்க, மரம் விழறப்போ போட்ட அலறலாம். அதை வழவழன்னு வரைஞ்சா போச்சு, அந்தக் கூர் வெளிச்சத்துல தெரியணும்.

காஞ்சப்புறம் பிடிச்சதை மட்டும் போர்டுல ஒட்டிக்கோங்க. ஒரே ஷீட்டைத் தேய்ச்சுக்கிட்டே இருக்காம அடுத்ததை எடுங்க, அவங்க இந்தப் பேப்பருக்கு வந்ததே கஞ்சத்தனம் பாக்காம வரையத்தான்.