ஊர்க்காற்றை நாமே கண்காணிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மேட்டூர்ப் பக்கம் ராத்திரி தொழிற்சாலைகள் இருக்கும் திசையிலிருந்து காற்று திரும்பினால் ஜன்னலைச் சாத்துகிற வீடுகள் இருக்கின்றன. கண் எரியும், பிள்ளைகள் இருமுவார்கள். காலையில் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் புகார் சொன்னால், "எத்தனை மணிக்கு வந்தது? காற்று எந்தப் பக்கம் அடித்தது?" என்று கேட்பார்கள். எங்களிடம் பதில் இருக்காது. அவதிப்பட்டோமே தவிர, எழுதி வைக்கவில்லை. நாங்கள் செய்த முதல் தவறு அது.

எழுத ஆரம்பித்த பிறகும் "நாத்தம் தாங்கல" என்றே எழுதினோம். அது போதாது. அழுகிய முட்டை மாதிரியா, பிளீச்சிங் பவுடர் மாதிரியா? முன்னது ஹைட்ரஜன் சல்பைடாக இருக்கலாம், பின்னது குளோரினாக இருக்கலாம். தேதி, மணி, எவ்வளவு நேரம் நீடித்தது, யாருக்கு என்ன செய்தது, எல்லாம் வேண்டும். காற்றின் திசை பார்க்க மொட்டைமாடிக் கம்பியில் ஒரு துண்டுத் துணி கட்டினால் போதும். நாத்தமே வராத நாளையும் எழுதுங்கள். பெரும்பாலானோர் விட்டுவிடுவது இதைத்தான். எந்தக் காற்றில் வருகிறது, எந்தக் காற்றில் வருவதில்லை என்று இரண்டும் தெரிந்தால்தான் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று சொல்ல முடியும். கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையைச் சுற்றியுள்ள ஊர்க்காரர்கள் 2004-லேயே மூக்கைக் கருவியாக்கி இப்படிப் பதிவு செய்தார்கள்.

அதற்காக மூக்கை முழுக்க நம்பிவிடவும் கூடாது. ஹைட்ரஜன் சல்பைடு மிக அதிகமானால் மூக்கு மரத்துப்போகும். நாத்தம் போய்விட்டது என்று அங்கேயே நிற்பது உயிருக்கே ஆபத்து. பி.வி.சி. தயாரிக்கப் பயன்படும் வினைல் குளோரைடு புற்றுநோய் உண்டாக்கக்கூடியது. உடம்பைக் கெடுக்கும் அளவில் காற்றில் இருந்தாலும் அது மூக்குக்குத் தெரியாது.

செல்போனில் காற்றுத் தரக் குறியீடு பச்சையாக இருப்பதைப் பார்த்து நிம்மதி அடைவது அடுத்த தவறு. இந்தியக் குறியீட்டில் கணக்கெடுப்பது 8 மாசுகளை மட்டுமே. பென்சீன் என்ற ரசாயனமும் வினைல் குளோரைடும் ஹைட்ரஜன் சல்பைடும் அந்தப் பட்டியலில் கிடையாது. தவிர, சேலம் நகரத்து நிலையத்தின் எண் மேட்டூர்த் தெருவுக்கு எப்படிப் பொருந்தும்?

விலை குறைந்த தூசு அளவிகளிலும் கவனம் வேண்டும். அவை ஒளிச்சிதறலை வைத்துத் தூசைக் கணக்கிடுகின்றன. ஏற்காட்டுப் பனிமூட்டத்தில் மாட்டினால் நீர்த்துளியையும் தூசாக எண்ணி எண் எகிறும். சேலத்தை அடுத்த கருப்பூர்ப் பக்கம் நேர்மாறு: வெள்ளைக்கல் (மேக்னசைட்) தூசு இலையில் படிந்து கிடக்கும், அளவி அதில் பாதியைக்கூடக் காட்டாமல் போகலாம், ஏனென்றால் பருமனான துகள் அதற்குச் சரியாகப் பிடிபடாது. ஈரப்பதத்தையும் கூடவே குறித்துக்கொள்ளுங்கள். முடிந்தால் வாரியத்தின் கருவிக்கு அருகில் சில நாள் வைத்து ஒப்பிட்டுவிட்டு ஊருக்குள் மாட்டுங்கள். அடுப்படிப் புகை வரும் இடத்தில் வேண்டாம்.

ஆய்வகத்துக்கு அனுப்ப வாளிக்குள் பை வைத்துக் காற்றுப் பிடிக்கும் முறை 1995-ல் கலிபோர்னியாவில் உருவானது. பிடிக்கும்போது பக்கத்தில் பைக் ஓடக்கூடாது, பீடி, சென்ட், புதுப் பெயின்ட் எதுவும் கூடாது. பையை வெயிலில் வைக்காதீர்கள். எந்த ஆய்வகம், எத்தனை மணி நேரத்துக்குள் போய்ச் சேரவேண்டும் என்பதை முதலிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள். முடிவு வந்ததும் அவசரப்படாதீர்கள். பென்சீனுக்கு 2009 தேசியத் தரம் கனமீட்டருக்கு 5 மைக்ரோகிராம், ஆனால் அது ஆண்டுச் சராசரி. சில நிமிடம் பிடித்த காற்றை அதோடு நேராக ஒப்பிட்டால் எதிர்த்தரப்பு வக்கீல் ஒரே கேள்வியில் உடைத்துவிடுவார். பையில் என்னென்ன ரசாயனம் இருந்தது என்பதே முதலில் பேசவேண்டியது.

நோட்டை ஒரே ஆளிடம் விடாதீர்கள். நோயாளிகளின் பெயரை வெளியிடாதீர்கள். மனுவை வாயால் சொல்லாமல் எழுத்தில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள், பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். 1981 காற்றுச் சட்டப்படி புகைபோக்கியில் மாதிரி எடுக்கும் அதிகாரம் வாரியத்துக்குத்தான் இருக்கிறது. அவர்கள் பகல் பதினொரு மணிக்கு வந்தால் ஒன்றும் கிடைக்காது. எந்த ராத்திரி, எந்த மணி, எந்தக் காற்றில் வரவேண்டும் என்பதை மனுவின் முதல் வரியிலேயே எழுதுங்கள்.