கிளவுட் இல்லாமல் கடைக்கு ஒரு பில்லிங் மென்பொருள்

2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அடித்தபோது, குமரி மாவட்டத்தில் பல ஊர்களில் நாட்கணக்கில் கரண்ட் இல்லை. அப்படியொரு நாளில் ஜெனரேட்டர் போட்டுக் கடையைத் திறந்துவிடலாம். ஆனால் பில் போடும் மென்பொருள் கிளவுடில், அதாவது இணையம் வழியாக மட்டும் எட்டும் எங்கோ உள்ள சர்வரில் இருந்தால் என்ன செய்வது? மார்த்தாண்டத்தில் ஒரு ஹார்டுவேர் கடைக்கு பில்லிங் மென்பொருள் எழுதித்தரும் வேலையை நீங்கள் எடுத்திருப்பதாக வைத்துக்கொள்வோம்.

முதலில், எழுதும் நிரலைச் சேமித்து வைக்க, வீட்டில் சும்மா கிடக்கும் லேப்டாப்பில் டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவுங்கள். பேட்டரி ஓரளவு தாங்கினால் அதுவே யூபிஎஸ். மூடினாலும் தூங்கிவிடாதபடி அமைத்துவிடுங்கள். அதில் கிட் (Git, நிரலின் மாற்றங்களைப் பதிவுசெய்யும் கருவி) போட்டு, 'பேர்' (bare) வகை ரெப்போ, அதாவது நிரலின் மாற்ற வரலாறு மட்டும் இருக்கும் சேமிப்பிடம் ஒன்றை உருவாக்கி, எஸ்எஸ்ஹெச் (SSH, இன்னொரு கம்ப்யூட்டரோடு பாதுகாப்பாக இணையும் முறை) வழியாக நிரலை அனுப்பினால் போதும். கிட்டுக்குத் தனியாக எந்த இணையதளமும் தேவையில்லை.

அடுத்தது கடை. அங்குள்ள ஒரு கம்ப்யூட்டரில் மட்டும் நிரலும், எல்லாத் தரவையும் ஒரே கோப்பில் வைக்கும் எஸ்கியூலைட் (SQLite) தரவுத்தளமும் இருக்கட்டும். மற்ற கவுண்டர்கள் பிரவுசரில் திறக்கட்டும். தரவுக் கோப்பை நெட்வொர்க்கில் பகிர்ந்து ஆளாளுக்கு நேரடியாகத் திறக்க விடாதீர்கள், ஒரே நேரத்தில் இருவர் எழுதாமல் தடுக்கும் பூட்டுமுறை குழம்பித் தரவு கெட்டுப்போகலாம். பக்கத்துக் கவுண்டரில் திறக்கவில்லையா? நிரல் 127.0.0.1 என்ற, அதே கம்ப்யூட்டருக்குள் மட்டும் எட்டும் முகவரியில் மட்டும் காத்திருக்கிறதா என்று பாருங்கள். அதை 0.0.0.0 ஆக்கி (மற்ற கம்ப்யூட்டர்களிலிருந்தும் எட்டும்), ஃபயர்வாலில் நிரல் பயன்படுத்தும் போர்ட்டை, அதாவது அதன் வாசல் எண்ணைத் திறந்து, ரவுட்டரில் அந்தக் கம்ப்யூட்டருக்கு நிலையான முகவரி கொடுங்கள்.

பேக்கப்பில்தான் பலர் சறுக்குகிறார்கள். பில் போட்டுக்கொண்டிருக்கும்போது கோப்பை அப்படியே காப்பி செய்தால் பாதி எழுதிய தரவு வந்து சேரலாம். எஸ்கியூலைட்டின் பேக்கப் கட்டளையையே தினமும் கடை அடைக்கும் நேரத்தில் ஓட விடுங்கள். இரண்டு ஹார்டு டிஸ்க் வாங்கி, வாரம் ஒருமுறை மாற்றி, ஒன்று எப்போதும் கடைக்கு வெளியே இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். கூரை ஒழுகினால் இரண்டும் சேர்ந்து நனையக் கூடாது.

ஒப்படைக்கும் முன் ரவுட்டருக்கு வரும் இணைய வயரைக் கழற்றிவிட்டு ஒரு பில் போடுங்கள். முதல் தடவை எனக்கு வெள்ளைத் திரைதான் வந்தது: ஜாவாஸ்கிரிப்ட் கோப்பு ஒன்றை வெளித்தளத்திலிருந்து இழுத்திருந்தேன். அப்புறம் பேக்கப்பை வேறொரு கம்ப்யூட்டரில் ஏற்றி, நேற்றைய கடைசி பில் இருக்கிறதா என்று பாருங்கள். இதற்கு ஒரு மணி நேரம் ஆகும். அதையும் சேர்த்தே கூலி பேசுங்கள்.